அறுவடை எந்திரமும் பயிர்களின் இயல்பும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் செல்லும் சாலையில் பங்குனி, சித்திரை மாதங்களில் பயணம் செய்யும் நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஏரிப் பாசன வயல்களில் நவரை நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். அதன் நடுவே அறுவடை எந்திரம் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊர்ந்து செல்லும். முன்புறம் கதிரை அறுத்து விழுங்கி, பின்புறம் வைக்கோலைக் கொட்டி, இடையில் நெல்லைத் தன் வயிற்றிலே சேர்த்துக்கொள்ளும். கடற்கரையை நெருங்க நெருங்க மண் மணலாக மாறுகிறது. நெல் குறைகிறது, வேர்க்கடலையும் எள்ளும் சவுக்கும் தலைகாட்டுகின்றன. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இத்தனை வகைப் பயிர்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் வாடகைக்கு வருவது பெரும்பாலும் நெல்லுக்கென்று அமைக்கப்பட்ட எந்திரமே. அந்த எந்திரத்தைப் பிற பயிர்களுக்கு எவ்வாறு பக்குவப்படுத்துவது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் பண்ணை எந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலில் நெடுங்காலம் ஈடுபட்டவன். இந்தப் பாடத்தை நூல்களில் படித்ததைவிட, ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன் என்று சொல்வதே உண்மை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூரில், என் அத்தை தமது ஒன்றரை ஏக்கர் நிலத்தில் சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து விதைத்திருந்தார். பங்குனிக் கடைசியில் இலைகள் உதிர்ந்து, காய்கள் கறுத்து, அறுவடைக்குக் காத்து நின்றன. ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வயலில் நெல் அறுத்துக்கொண்டிருந்த எந்திரத்தையே அழைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். “நெல்லைவிட உளுந்து மென்மையானது, ஆகவே எஞ்சினின் வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டுங்கள்” என்று ஓட்டுநரிடமும் நானே சொன்னேன். அதற்கு மேல் எதையும் மாற்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. தார்ப்பாயில் கொட்டிய குவியலைப் பார்த்ததும் என் உள்ளம் துணுக்குற்றது. முழு உளுந்தோடு உடைந்த பருப்பும், காய்த்தோலும், மண்ணும், இடையிடையே நெல்மணிகளும் கலந்து கிடந்தன. அத்தை குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். “ஏம்பா, நெல்லுக்குப் போட்ட அடியையே என் உளுந்துக்கும் போட்டுட்டியே!” என்றார். உடைந்தவற்றைக் குறைந்த விலைக்கு விற்றார். முழுதாக இருந்தவற்றைப் புடைத்துப் பொறுக்கி அடுத்த பட்டத்துக்கு விதையாக வைத்தார். கண்ணுக்கு நல்லனவாகத் தோன்றிய அந்த விதைகளில் பாதிகூட முளைக்கவில்லை. உடைந்ததால் நேர்ந்த நட்டம் ஒரு நாளோடு போயிற்று. முளைக்காததால் நேர்ந்த நட்டமோ ஒரு பருவத்தையே கொண்டுபோயிற்று.

அன்று அத்தை சொன்ன சொல்லில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருந்தது. நம் முன்னோர் எல்லாப் பயிருக்கும் ஒரே அடி போட்டவர்கள் அல்லர். களம் ஒன்றுதான்; ஆனால் பயிருக்குப் பயிர் கைமுறை வேறாக இருந்தது. நெற்கட்டைப் பலகையிலோ கல்லிலோ ஓங்கி அடித்தார்கள். தாளில் தங்கிய நெல்லை மாடு கட்டிப் போரடித்துப் பிரித்தார்கள். உளுந்துச் செடியை வெயிலில் காயவைத்து, காய் தானே வெடிக்கும் பக்குவத்தில் தடியால் மெல்லத் தட்டினார்கள். கேழ்வரகுக் கதிரை அறுத்துச் சில நாள் குவித்துவைத்துப் பிறகு மாட்டை விட்டு மிதிக்கச் செய்தார்கள். எள்ளைக் கட்டாகக் கட்டி நிறுத்திக் காயவிட்டு, தலைகீழாகப் பிடித்து உதறினார்கள். வேர்க்கடலைக்கு அடியே கிடையாது. கொடியிலிருந்து கையால் ஆய்ந்தெடுத்தார்கள். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்குச் சென்றால், கருங்கல்லுக்கு எடுக்கும் சுத்தியும் உளியும் மாக்கல்லுக்கு எடுப்பவை அல்ல என்பதைக் காணலாம். களத்து வேலையும் அத்தகையதே. கைக்கு இருந்த இந்தப் பக்குவத்தை எந்திரத்துக்கும் நாம் கற்பிக்க வேண்டும்.

முதலில் எந்திரத்தின் உட்புறத்தை அறிந்துகொள்வோம். கதிரடிப்பு எந்திரம் மேலை நாடுகளில் கோதுமைக்காகப் பிறந்தது. 1786ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மீக்கிள் என்பவர், சுழலும் உருளையைக் கொண்டு கதிரடிக்கும் எந்திரத்தை அமைத்தார். 1830களில் அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் ஹைரம் மூர் என்பவர், அறுத்தலையும் அடித்தலையும் ஒருங்கே செய்யும் எந்திரத்தை உருவாக்கினார். அதனைக் குதிரைகள் பல சேர்ந்து இழுத்தன. அன்று முதல் இன்றுவரை இந்த எந்திரங்களின் இதயமாக இருப்பது ஓர் உருளையும், அதன் அடியில் தொட்டில்போல் வளைந்து கிடக்கும் ஒரு சல்லடையுமே ஆகும். உருளையை நம் ஓட்டுநர்கள் ‘டிரம்’ என்றும், வளைந்த சல்லடையைக் ‘கான்கேவ்’ என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய சந்தில் கதிர் புகுந்து, அடிபட்டும் தேய்ந்தும் மணியை உதிர்க்கிறது. உதிர்ந்த மணி சல்லடை வழியே கீழே விழ, காற்றாடியும் கீழ்ச் சல்லடைகளும் அதைத் தூய்மை செய்கின்றன. களத்தில் தூற்றுதலும் புடைத்தலும் எதுவோ, எந்திரத்தில் இவை அதுவே.

கோதுமைக்குரிய உருளையில் வரிவரியாகப் பள்ளமிட்ட இரும்புப் பட்டைகள் இருக்கும். அவை கதிரைத் தேய்த்து மணியைப் பிரிக்கும். நெல்லின் தாள் ஈரமும் முரடும் உடையது. ஆகவே நெல்லுக்குரிய உருளையில் பட்டைகளுக்குப் பதிலாக இரும்புப் பற்களை நிறுத்துவது வழக்கம். அவை சீப்புப்போல் கதிரைக் கோதிச் செல்லும். பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில் 1960இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், 1970களில் ஒரு கதிரடிப்பு எந்திரத்தைப் பரப்பியது. அதில் பயிர் உருளையைச் சுற்றித் திருகுபோல் பல முறை சுழன்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும். ஒரே மூச்சில் பலமாக அடிப்பதைவிட நெடுநேரம் அளவாக அடிப்பது ஈர நெல்லுக்கு ஏற்றதாயிற்று. நம் வயல்களில் ஓடும் நெல் எந்திரங்கள் பலவற்றிலும் இந்த ஏற்பாட்டைக் காணலாம். சேற்று நிலத்துக்கு வரும் ‘பெல்ட் வண்டி’, காய்ந்த நிலத்துக்கு வரும் ‘டயர் வண்டி’ என்ற வேறுபாடு கால்களைப் பொறுத்தது. நாம் கவனிக்க வேண்டியது வயிற்றை.

இந்த வயிற்றில் மாற்றக்கூடியவை மூன்று: உருளையின் வேகம், உருளைக்கும் கான்கேவுக்கும் உள்ள இடைவெளி, காற்றும் சல்லடையும்.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று சொல்வது வழக்கம். ஆனால் மணிமேல் படுவது பல்லின் நுனி. அந்த நுனியின் வேகமே முக்கியம். 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு ஏறத்தாழ 1.88 மீட்டர் செல்கிறது. நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் விளிம்பின் வேகம் நொடிக்கு 22 மீட்டர். நெல்லுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 மீட்டர் வரை தகும். உளுந்து, பச்சைப்பயறு போன்றவற்றுக்கு 10 முதல் 15 மீட்டரே போதும். அடியின் வலிமை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது இயற்பியலின் விதி. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அடி நான்கில் ஒரு பங்காகக் குறையும். எனவே வேகத்தில் செய்யும் சிறு மாற்றமும் மணிக்குப் பெரிய மாற்றமாகும்.

இனி, அன்று நான் செய்த தவறு எது என்பதைச் சொல்கிறேன். எஞ்சினின் வேகத்தைக் குறைத்தால் உருளை மெதுவாகச் சுற்றும், அது மெய்யே. ஆனால் காற்றாடி, சல்லடை, வைக்கோலை உதறும் பகுதி, மணியை மேலே ஏற்றும் பகுதி ஆகிய அனைத்தும் அதே எஞ்சினிலிருந்துதான் விசை பெறுகின்றன. எல்லாம் சேர்ந்து தளர்ந்துபோகும். காற்றுக் குறைந்ததால் தோலும் மண்ணும் மணியோடு தங்கின. சல்லடை போதிய அளவு அசையாததால், தூய்மையாகாத சரக்கு மீண்டும் உருளைக்கே சென்று மறுபடியும் அடிபட்டது. உருளையின் வேகமோ உளுந்துக்கு வேண்டிய அளவுக்குக் குறையவே இல்லை. எஞ்சினை அதன் முறையான வேகத்திலேயே ஓடவிட்டு, உருளையை மட்டும் தனியே மெதுவாக்குவதே சரியான வழி.

அதற்குப் புல்லியை மாற்ற வேண்டும். ஓட்டும் புல்லியும் உருளையின் புல்லியும் தலா 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். உருளையின் புல்லிக்குப் பதிலாக 30 சென்டிமீட்டர் புல்லியைப் பொருத்தினால் 700 சுற்று ஏறத்தாழ 467 சுற்றாகும். அத்துடன் ஓட்டும் புல்லியையும் 15 சென்டிமீட்டராகச் சிறிதாக்கினால் 350 சுற்றாகும், அதாவது சரிபாதி. புல்லியின் அளவு மாறும்போது அதற்கேற்ற நீளமுள்ள பெல்ட்டைப் போட்டு, இழுவையையும் சரிபார்க்க வேண்டும். சில எந்திரங்களில் இந்த மாற்றத்தை ஒரு நெம்புகோலாலேயே செய்துகொள்ளும் வசதி உண்டு. வாடகை பேசும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, இடைவெளி. நெல்லுக்கு நெருக்கமாக வைத்திருக்கும் கான்கேவை உளுந்துக்குச் சற்று இறக்கி அகலப்படுத்த வேண்டும். உருளையிலும் கான்கேவிலும் பற்கள் மிகுதியாக இருந்தால் சிலவற்றைக் கழற்றிவிடலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உருளையிலிருந்து ஒரு பக்கத்துப் பல்லைக் கழற்றினால், அதற்கு நேர் எதிரே உள்ள பல்லையும் கழற்ற வேண்டும். இல்லையேல் எடை ஒருபுறம் சாய்ந்து, உருளை அதிர்ந்து, தாங்கிகள் கெட்டுப்போகும். மேலும், எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரும் உருளை சிறிது நேரம் தானே சுழலும். அது முற்றிலும் நிற்கும்வரை மூடியைத் திறக்கவோ கையை நுழைக்கவோ கூடாது. இந்தத் தொழிலில் விரல் இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, காற்றும் சல்லடையும். உளுந்து மணி கனமானது. பலமான காற்றையும் தாங்கும். ஆகவே காற்றைத் தாராளமாகத் திறந்து தோலை வெளியேற்றலாம். கேழ்வரகு மணி ஒன்றரை மில்லிமீட்டர் அளவே உடையது. எள்ளோ மிக இலேசானது. அவற்றுக்கு நெல்லின் காற்றைக் கொடுத்தால் மணியும் வைக்கோலோடு பறந்துவிடும். காற்றாடியின் பக்கத் தட்டுகளை மூடிக் காற்றைக் குறைத்து, சிறு துளைச் சல்லடையை மாட்ட வேண்டும். எள்ளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் காய் முற்றியதும் வாய் திறந்துகொள்ளும். எந்திரம் செடியைத் தொட்டவுடனேயே பாதி மணி நிலத்தில் சிந்திவிடும். ஆதலால் அதைக் கையால் அறுத்துக் கட்டி உலர்த்தும் பழைய முறையே இன்றும் சிறந்தது. வேர்க்கடலையை நெல் எந்திரத்தில் விடவே கூடாது. அதற்கென்று கொடியிலிருந்து காயைப் பிரிக்கும் தனி எந்திரங்கள் உள்ளன. எந்திரத்தைப் பக்குவப்படுத்துவதில், எந்தப் பயிரை அதனுள் விடக்கூடாது என்று அறிவதும் ஒரு பகுதியாகும்.

உளுந்து ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது என்று நேயர்கள் கேட்கலாம். நெல்லுக்கு உமி என்னும் கவசம் உண்டு. உளுந்துக்கு மெல்லிய தோல் மட்டுமே. அந்தத் தோலுக்கு உடனடியாகக் கீழே, ஓர் ஓரத்தில், முளைக்கரு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அடிபட்டால் மணி உடையாமலே கரு நசுங்கிவிடும். பார்வைக்கு முழுமணி, விதைத்தாலோ முளையாது. என் அத்தையின் விதைக்கு நேர்ந்தது இதுவே. சான்று பெற்ற உளுந்து விதைக்கு நூற்றுக்கு 75 முளைப்பேனும் வேண்டும் என்றும், நெல் விதைக்கு 80 வேண்டும் என்றும் தரம் வகுத்திருக்கிறார்கள். அந்தத் தரத்தை வயலிலே காப்பதும் கெடுப்பதும் உருளைதான்.

கடற்கரைப் பகுதியினர் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொன்று, காற்றின் ஈரம். விடியற்காலையில் தாளும் காயும் ஈரம் ஏறித் துவண்டிருக்கும். அப்போது காய் எளிதில் திறவாது. வெயில் ஏறியதும் அதே காய் தொட்டால் வெடிக்கும். மணியும் உலர்ந்து எளிதில் பிளக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கினால் மீண்டும் ஈரம் ஏறும். காலையில் சரியாக இருந்த இடைவெளி நண்பகலில் சரியாக இராது. நெல்லுக்கும் இது பொருந்தும். நன்றாக உலர்ந்த நெல் மறுபடி ஈரம் குடித்தால் உள்ளே அரிசியில் விரிசல் காணும். அந்த நெல்லை ஆலையில் அரைக்கும்போது நொய் மிகும். ஆகவே முற்றிய நெல்லை அறுக்காமல் நாள் கடத்துவது நல்லதன்று.

சரி, எந்திரம் பக்குவமாக இருக்கிறதா என்பதை உழவர் எப்படி அறிவது? இதற்குக் கருவி எதுவும் வேண்டா. முதலில் சில அடி தூரம் மட்டும் ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள். தொட்டியிலிருந்து ஒரு கை மணியை எடுத்து, அதில் நூறு எண்ணி, உடைந்தவை எத்தனை என்று பாருங்கள். பின்னர் எந்திரத்தின் பின்னே விழுந்த கழிவைக் கையால் கிளறி, திறவாத காய்களும் தப்பிய மணிகளும் உள்ளனவா என்று பாருங்கள். மணி உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். பிறகும் உடைந்தால் இடைவெளியை அகட்டுங்கள். காய் திறவாமல் போனால் இடைவெளியைச் சிறிது நெருக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்பது விளங்காமற்போகும். மறைவான காயத்தை அறிய, நூறு மணிகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தோல் வெடித்தவை சில நிமிடங்களிலேயே சுருங்கி ஊதத் தொடங்கும். விதைக்கு வைப்பதானால், நூறு மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். அடுத்த பயிருக்குப் போகுமுன் தொட்டியையும் ஏற்றுக்குழாயையும் திறந்து, பழைய மணிகளைத் துடைத்தெடுப்பதும் வேண்டும். விதைக்கு அது மிகவும் இன்றியமையாதது.

இவையெல்லாம் எளியனவாகத் தோன்றினும் நடைமுறையில் ஒரு தடை உண்டு, அதை மறைப்பதற்கில்லை. எந்திரத்தை மணிக் கணக்கில் வாடகைக்குப் பேசுகிறோம். ஓட்டுநரோ மாவட்டம் மாவட்டமாக அறுவடைப் பருவத்தைத் துரத்திக்கொண்டு வருகிறவர். ஒன்றரை ஏக்கர் உளுந்துக்காகப் புல்லியைக் கழற்றிப் பல்லை நீக்க அவர் மனம் ஒப்புமா? ஒப்பாததில் வியப்பில்லை, அவர்மீது குற்றமும் இல்லை. இதற்கு வழி உழவர்களிடமே இருக்கிறது. அக்கம் பக்கத்தார் ஒன்றுகூடி ஒரே வாரத்தில் உளுந்தை விதைத்தால் ஒரே நாளில் அறுக்கலாம். பத்துப் பதினைந்து ஏக்கர் ஓரிடத்தில் காத்திருக்குமானால், ஒருமுறை செய்யும் மாற்றம் எல்லாருக்கும் பயன்படும். அதற்காகும் நேரத்துக்குரிய வாடகையையும் பகிர்ந்துகொள்ளலாம். அவ்வாறு கூட இயலாதவர்கள், செடியைக் கையால் அறுத்து உலர்த்தி, பல பயிர்களுக்கும் ஏற்ற சிறு கதிரடிப்பு எந்திரத்தில் விடுவதே மேல். வேளாண்மைப் பொறியியல் துறையும் எந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. எந்தப் பயிருக்கு வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்வது நலம்.

என் அத்தையின் வயலுக்கு மறு ஆண்டும் எந்திரம் வந்தது. இம்முறை அண்டை நிலத்தார் நால்வர் சேர்ந்துகொண்டார்கள். காலையில் அரை நாள் செலவிட்டுப் புல்லியை மாற்றினேன்; சில வரிசைப் பற்களை எதிரெதிராகக் கழற்றினேன்; கான்கேவை இறக்கினேன். முதல் கை மணியை அத்தைதான் எடுத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் அமர்ந்து நூறு எண்ணினார். பிறகு அதே நூறு மணிகளையும் பழைய புடைவைத் துண்டில் முடிந்து, நனைத்து, எரவாணத்தில் செருகினார். ஏழு நாள் சென்றபின் வந்து எண்ணிப் பார்க்கும்படி எனக்கு உத்தரவு.

எட்டாம் நாள் நான் போனபோது, அவர் முன்னதாகவே எண்ணி முடித்து, அடுத்த பட்டத்துக்கு வேண்டிய உளுந்தைப் பானையில் கொட்டிச் சாம்பல் கலந்து மூடிவிட்டிருந்தார்.